மூச்சை எண்ணாதே

"கண்ணை மூடுங்கள், ஆழமாக மூச்சை இழுங்கள்"
என்றாள் டாக்டர் உண்ட்ரா.
சிரித்துவிட்டேன்.
நான் பேருந்து ஓட்டுகிறவள், கண்ணை மூட முடியாது.
அதுவும் ஜனவரியில், உலான்பாத்தரில்
ஆழமாக இழுத்தால்
மேட்டுக் கூடாரங்களில் எரியும் நிலக்கரி அத்தனையும்
என் நெஞ்சில் வந்து குடியேறும்.

அவளும் சிரித்தாள், முகக்கவசத்துக்குள்.
மாத்திரை எதுவும் எழுதவில்லை.
பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்:
"வண்டி நிற்கும்போது
உங்கள் கைகள் என்ன செய்கின்றன, டுல்மா?"

யோசித்தேன்.
இருபது வருஷமாகக் கூடவே வரும் கைகள்.
தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறே முக்கால்.
மைனஸ் முப்பத்தொன்று.
பாலத்தடியில் வழக்கமான நெரிசல்,
அடுப்பிலிருந்து வாரிக் கொட்டிய கங்குகளாய்
பிரேக் விளக்குகள்.
ஒரு வெள்ளை ப்ரியஸ் குறுக்கே மூக்கை நுழைத்தது.
நாக்கு நுனியில் வசை தயார்.
அப்போதுதான் கைகளைத் தேடினேன்.
ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டிருந்தன,
அது என் முன்னாள் கணவனின் கழுத்து என்பதுபோல.

பார்த்தேன், அவ்வளவுதான்.
விடு என்று சொல்லவில்லை.
கையும் களவுமாய்ப் பிடிபட்டவர்களைப் போல
விரல்கள் தாமாகவே இறங்கின,
சுண்டுவிரல் முதலில்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம்.
கதவு திறந்தால் பாதம்.
பூட்ஸுக்குள் கம்பளிக் காலுறையின் மடிப்பு,
குதிகால், இரும்புத் தரை.
கதவு மூடினால் காது.
ரப்பர் ரப்பரோடு ஒட்டும் அந்தப் பெருமூச்சை
அது முடியும் இடம்வரை கேட்கவேண்டும்.
முடியும் இடம்தான் கடினம்.
பாதியிலேயே மனம் இறங்கிப் போய்விடும்,
உறைந்த குழாய்க்கு,
அக்காவிடம் வாங்கித் திருப்பித் தராத பணத்துக்கு,
துகுல்தூருக்குச் சின்னதாகிப்போன பூட்ஸுக்கு.
போகட்டும்.
அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளும்.
அதற்காக நான் ஹாரன் அடிப்பதில்லை.

சிவப்பு விளக்கு நீண்டால் கண்ணாடியைப் பார்ப்பேன்.
பின் இருக்கையில் ஒரு சிறுமி
நாணயத்தை வாயில் வைத்துச் சூடாக்கி
சன்னல் பனியில் அழுத்துகிறாள்.
ஒரு வட்டம் கரைகிறது.
அதன் வழியே தெரு தெரிகிறது.
ஒரு நாளைக்கு அது போதும்.

போதாத நாளும் வந்தது.
வியாழக்கிழமை, டிப்போவிலிருந்து ரேடியோ:
"டுல்மா, உன் பையனுக்கு மூச்சுத்திணறல்,
பள்ளியிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.
மாற்று ஓட்டுநர் கடைசி நிறுத்தத்தில் நிற்கிறார்."

பதினொரு நிறுத்தங்கள்.
பாதம் இல்லை, காது இல்லை,
உடம்பே யாரோ கழற்றி மாட்டிய கோட்டு மாதிரி.
அமைதி வந்தது என்று சொன்னால் பொய்.
ஆனால் கதவு திறந்தது, கதவு மூடியது,
ஒவ்வொன்றுக்கும் நான் அங்கே இருந்தேன், எப்படியோ.
ஊன்றுகோலோடு ஏறிய கிழவருக்காகக் காத்திருந்தேன்.
யாரும் விழவில்லை.

வார்டில் துகுல்தூர்
ஆவி படிந்த மாஸ்க்குக்குள் எண்ணிக்கொண்டிருந்தான்,
எத்தனை உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது என்று.
எண்ண எண்ணப் பயம் ஏறிற்று.
நெஞ்சு குட்டியானைக் கட்டியதுபோல் துடித்தது
என்று எழுதத் தோன்றுகிறது; நான் யானை பார்த்ததில்லை.
கட்டவிழ்ந்த கூடாரத் துணி மாதிரி அடித்துக்கொண்டது.

"மூச்சை எண்ணாதே," என்றேன்.
"அது அதன் வேலையைப் பார்க்கட்டும்.
என் கையைப் பார். எது சூடு, உன்னுடையதா என்னுடையதா?"
நெடுநேரம் யோசித்தான்.
அவன் கட்டைவிரல் நகத்தில் நீல மை.
"உன்னுடையது," என்றான் கடைசியில்.
"கொஞ்சம் பெட்ரோல் நாற்றமும்."

இன்று காலை அதே பாலம், அதே வெள்ளை ப்ரியஸ்.
வசையைச் சொல்லிவிட்டேன், சத்தமாகவே.
முன் இருக்கைப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு நான்
கைகளைப் பார்த்தேன்.